கடலூர், புதுச்சேரிப் பக்கம் இருந்துகொண்டு வீடியோ போட்டுப் பிழைப்பது எப்படி

முதலில் ஒரு தாளை எடுத்து மாதச் செலவை எழுதுங்கள். வீட்டு வாடகை, மளிகை, கரண்ட் பில், வண்டிக்குப் பெட்ரோல், போன் ரீசார்ஜ், அம்மாவுக்கு மாத்திரை, மகளிர் குழுத் தவணை, சீட்டுப் பணம் எல்லாம் வரட்டும். கூட்டிப் பார்த்து வரும் தொகையைக் கண்ணில் படுகிற இடத்தில் ஒட்டி வையுங்கள், கேமரா பற்றி அப்புறம் பேசலாம். என்னிடம் எடிட்டிங் கற்றுக்கொள்ள வருகிறவர்களும் சரி, "அண்ணா, சேனல் ஆரம்பிக்கப் போறேன், ஒரு யோசனை சொல்லுங்க" என்று வருகிறவர்களும் சரி, பாதிப் பேர் இந்தத் தாளை எழுதாமலே வருகிறார்கள். கையில் மட்டும் புது ரிங் லைட் இருக்கிறது.

உங்களுக்கு மாதம் 20,000 ரூபாய் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். யூடியூபில் ஆயிரம் பார்வைக்கு உங்கள் கைக்கு வந்து சேரும் தொகையை ஆர்.பி.எம். என்கிறார்கள். அது எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்காது. நீங்கள் என்ன பேசுகிறீர்கள், பார்ப்பவர் எந்த நாட்டில் இருக்கிறார், அது தீபாவளி மாதமா ஜனவரி மாதமா, எல்லாவற்றையும் பொறுத்து ஏறி இறங்கும். கணக்குக்காக 40 ரூபாய் என்று போட்டால், 20,000 ரூபாய்க்கு 5 லட்சம் பார்வை வேண்டும். ஒரு மாதம் வந்தால் போதாது, மாதாமாதம் வர வேண்டும். ஒரு வீடியோ 5 லட்சம் போவது நடக்கக்கூடியதுதான், எங்கள் பக்கத்துப் பையன்களுக்கே நடந்திருக்கிறது. அடுத்த மாதமும் அதற்கடுத்த மாதமும் அதே அளவு போவதுதான் நடப்பதில்லை.

விளம்பரப் பணத்துக்கான கதவைத் திறக்கவே யூடியூப் ஒரு வாசல்படி வைத்திருக்கிறது. 1,000 சந்தாதாரர்கள், அதோடு கடைசி 12 மாதங்களில் 4,000 மணி நேரப் பார்வை, இல்லையென்றால் கடைசி 90 நாட்களில் ஷார்ட்ஸ் என்கிற குட்டி வீடியோக்களுக்கு மட்டும் 1 கோடி பார்வை. 4,000 மணி நேரம் என்றால் 2,40,000 நிமிடம். ஒருவர் சராசரியாக 4 நிமிடம் பார்க்கிறார் என்றால் 60,000 பேர் பார்த்திருக்க வேண்டும். ஷார்ட்ஸ் ஓடையில் யாரோ விரலால் தள்ளிக்கொண்டே பார்த்த நேரம் இந்த 4,000 மணி நேரக் கணக்கில் சேராது என்பதை நிறையப் பேர் கடைசியில்தான் தெரிந்துகொள்கிறார்கள். இதற்கு முன்னாடியே 500 சந்தாதாரர், 3,000 மணி நேரம், கடைசி 90 நாளில் 3 வீடியோ என்று ஒரு சின்னப் படி உண்டு. அதில் மெம்பர்ஷிப், சூப்பர் தேங்க்ஸ் மாதிரி ரசிகர்கள் நேராகத் தரும் பணம் கிடைக்கும், விளம்பரப் பங்கு கிடைக்காது. விளம்பரப் பங்கு வந்தபின் நீள வீடியோவில் 55 சதவீதம் உங்களுக்கு, ஷார்ட்ஸில் 45 சதவீதம். ஷார்ட்ஸில் சினிமாப் பாட்டு வைத்தால் அந்த வீடியோவின் வருமானத்தில் ஒரு பகுதி பாட்டு உரிமைக்குப் போய்விடும், மிச்சத்தில்தான் அந்த 45.

இவ்வளவு கணக்கும் எதற்கென்றால், விளம்பரப் பணத்தைச் சம்பளமாக நினைக்காதீர்கள் என்று சொல்லத்தான். கடலூர், புதுச்சேரி அளவு ஊரில் வீடியோவால் குடும்பம் நடத்துகிறவர்கள், நான் பார்த்தவரைக்கும், வீடியோ கொண்டுவந்து கொடுத்த வேறு வேலையால்தான் நடத்துகிறார்கள். கருவாடு விற்கிறார்கள், கல்யாணம் எடுக்கிறார்கள், கடைகளுக்கு ரீல்ஸ் போட்டுத் தருகிறார்கள், டியூஷன் எடுக்கிறார்கள், சுற்றுலா வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். சேனல் அந்தக் கடைக்கு மாட்டிய போர்டு. போர்டுக்கே யாராவது காசு கொடுத்தால் சந்தோஷம், வாங்கிக்கொள்ளலாம்.

அதனால், என்ன வீடியோ போடுவது என்று யோசிப்பதற்கு முன் என்ன விற்பது என்று யோசியுங்கள். உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ தெரிந்த தொழில் ஏதாவது இருக்கும். முதுநகர் துறைமுகத்தில் மீன் எடுக்கும் அத்தை இருக்கலாம், பண்ருட்டியில் பலாத்தோப்போ முந்திரிக் காடோ வைத்திருக்கும் மாமா இருக்கலாம், வில்லியனூரில் சுடுமண் பொம்மை செய்கிறவர்கள் உறவாக இருக்கலாம். வில்லியனூர்ச் சுடுமண் வேலைப்பாட்டுக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது, ஆனால் அந்த மண் எப்படிப் பிசையப்படுகிறது என்று பொறுமையாகக் காட்டும் வீடியோக்கள் எனக்குத் தெரிந்து குறைவு. எல்லாரும் பிரெஞ்சு வீதி மஞ்சள் சுவர் முன்னாடி நின்று எடுக்கிறார்கள். அந்தச் சுவரை சென்னைக்காரரும் பெங்களூர்க்காரரும் சனி ஞாயிறு வந்து உங்களைவிட நல்ல கேமராவில் எடுத்துவிட்டுப் போகிறார்கள். அவர்களோடு போட்டி போட நமக்கு ஒரு காரணமும் இல்லை. மதுக்கடைச் சரக்கு விலை சொல்லும் வீடியோவும் அப்படித்தான். பார்வை வரும், ஆனால் அதைப் பார்த்துவிட்டு உங்களிடம் ஒரு நகைக்கடைக்காரரோ பள்ளிக்கூடக்காரரோ விளம்பரம் தர வர மாட்டார்.

புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. பிரான்சில் சொந்தம் இல்லாத தெரு இங்கே குறைவு. ஊர்த் திருவிழா, பெரிய மார்க்கெட், பழைய பேக்கரி, பாகூர் ஏரி என்று எடுத்துப் போட்டால் அங்கே இருக்கிறவர்கள் குடும்பத்தோடு உட்கார்ந்து முழுசாகப் பார்ப்பார்கள். வெளிநாட்டுப் பார்வைக்கு விளம்பர விலை அதிகம் என்பதால் எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் பணம் கொஞ்சம் கூட வரும். அவர்களுக்கு ஊரில் ஒரு வேலை ஆக வேண்டியிருக்கும், பூட்டிக் கிடக்கும் வீட்டைப் பார்த்துச் சொல்ல வேண்டும், தங்கச்சி கல்யாணத்தை நேரலையில் காட்ட வேண்டும். அந்த வேலைகள் விளம்பரத்தைவிட நல்ல காசு.

ஒரு காலைப் படப்பிடிப்பு

மீன் ஏலத்தை எடுக்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம், ஏனென்றால் கடலூரில் ஆரம்பிக்கிறவர்களில் பாதிப் பேர் அங்கேதான் போய் நிற்கிறார்கள். விடிவதற்குள் துறைமுகத்தில் இருக்க வேண்டும். வெளிச்சம் வரும்போது படகுகள் வந்திருக்கும், வெயில் ஏறுவதற்குள் நல்ல சரக்கு போய்விடும். முதல் நாள் கேமராவைத் தூக்காதீர்கள். போய் நில்லுங்கள், டீ குடியுங்கள், யார் ஏலம் விடுகிறார், யார் எடுக்கிறார், எந்த இடத்தில் நின்றால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை என்று பாருங்கள். கூடை தூக்கிக்கொண்டு ஓடுகிறவர் வழியில் டிரைபாட் வைத்தால் வாங்கிக் கட்டிக்கொள்வீர்கள், அதில் தப்பே இல்லை, அது அவருடைய வேலை நேரம்.

சத்தம்தான் பெரிய பாடு. ஐஸ் உடைக்கும் மெஷின், படகு இன்ஜின், ஏலக்காரர் குரல், மேலே காக்கா, இவ்வளவுக்கும் நடுவில் நீங்கள் பேச வேண்டும். போன் மைக்கை நம்பினால் வீட்டுக்கு வந்து கேட்கும்போது காற்று இரைவது மட்டும்தான் கேட்கும். காசு இருந்தால் முதலில் நல்ல காலர் மைக் வாங்குங்கள், அதன் மேல் போடும் ரோமக் கவசத்தைத் தனியாக ஒன்று வாங்கிப் பையில் வையுங்கள், ஏனென்றால் முதலில் தொலைவது அதுதான். கேமராவுக்கு முன் மைக் வாங்கச் சொல்வதை ஒரு பிடிவாதமாகவே வைத்திருக்கிறேன். படம் சுமாராக இருந்தால் பார்க்கிறார்கள், பேச்சு கேட்கவில்லை என்றால் பத்தாவது நொடியில் போய்விடுகிறார்கள்.

அப்புறம் உப்புக்காற்று. சில்வர் பீச்சிலோ துறைமுகத்திலோ அரை நாள் நின்றுவிட்டு வந்தால் லென்ஸ் மேல் மெல்லிசாக ஒரு படலம் இருக்கும். சட்டைத் துணியால் தேய்த்தால் கீறல் விழும். முதலில் காற்றூதும் பம்பால் ஊதிவிட்டு, அதற்கென்று விற்கும் துணியால் துடையுங்கள். போன் சார்ஜ் ஏற்றும் ஓட்டையில் உப்பு சேர்ந்து துருப்பிடிப்பது இங்கே சாதாரணம், கடற்கரையில் எடுக்கும்போது அதை ஒரு சின்ன ரப்பர் மூடியால் அடைத்துவிடுங்கள், விலை ஒரு டீ காசுகூட இருக்காது.

மீன் விற்கும் அம்மாக்களை எடுக்கும்போது கேட்டுவிட்டு எடுங்கள். "ஆயா, எடுத்துக்கலாமா?" என்று ஒரு வார்த்தை. வேண்டாம் என்றால் வேண்டாம்தான், பக்கத்தில் இருக்கும் வஞ்சிரத்தை எடுங்கள். சம்மதம் சொன்னவர் தன் வாயால் விலை சொல்வதையும் மீன் பேர் சொல்வதையும் தனியாகக் கொஞ்சம் பதிவு செய்துகொள்ளுங்கள். கிழங்கான், ஊடான், சங்கரா என்று அவர் சொல்லிக்கொண்டே போகிற அந்த அரை நிமிடம்தான் உங்கள் வீடியோவில் எல்லாரும் திரும்பத் திரும்பப் பார்க்கிற இடமாக இருக்கும். அவரிடம் விலை கேட்டுவிட்டு வாங்காமல் வருவது மரியாதை இல்லை என்பது என் எண்ணம், அரைக் கிலோ நெத்திலியாவது வாங்குங்கள்.

ஒன்றை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. மீன் சேனல் வைத்திருப்பவர் அந்த இரண்டு மாதமும் பழைய வீடியோவையே மாற்றி மாற்றிப் போட்டால் சந்தாதாரர் கழன்றுகொள்வார்கள். வலை பின்னுவது, படகுக்கு மர வேலை பார்ப்பது, பெயின்ட் அடிப்பது, கரையோரம் போய் வரும் நாட்டுப்படகு, ஃபைபர் படகு மீன், கருவாடு காய வைப்பது, இதையெல்லாம் அந்த நேரத்துக்கென்று ஒதுக்கி வையுங்கள். பண்ருட்டிப் பலாப்பழமும் கிட்டத்தட்ட அதே சமயம்தான் வரும், ஆக தடைக்காலத்தில் மேற்கே போகலாம்.

கோயில் விஷயத்தில் ஜாக்கிரதையாக இருங்கள். சிதம்பரம் நடராஜர் கோயிலுக்குள் படம் எடுக்கக் கூடாது, ஆரோவில்லில் மாத்ரிமந்திர் உள்ளே எடுக்கக் கூடாது, தமிழ்நாட்டுக் கோயில்களில் செல்போன் தடை பற்றி 2022இல் உயர் நீதிமன்ற உத்தரவே இருக்கிறது. "எல்லாரும் எடுக்கிறார்களே" என்பது புகார் வந்த பிறகு செல்லுபடியாகாத வாதம். கோபுரத்தை வெளியே நின்று எடுத்துவிட்டு, உள்ளே பார்த்ததை வாயால் சொல்லுங்கள், நன்றாகவே இருக்கும்.

பாட்டு

மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குச் சுற்று வட்டாரச் சாமிகளெல்லாம் தீர்த்தவாரிக்கு வருவார்கள். அதைவிட நல்ல காட்சி வருஷத்தில் ஒருமுறைதான் கிடைக்கும், ஆனால் அங்கே ஒலிபெருக்கியில் சினிமா அம்மன் பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும். வீடியோவை ஏற்றியதும் உரிமைக் கோரிக்கை வந்து விழும். அதைப் பார்த்து சேனல் போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். யூடியூப் தானாகப் பாட்டைக் கண்டுபிடித்துப் போடும் கான்டென்ட் ஐ.டி. கோரிக்கை வேறு, உரிமையாளர் புகார் கொடுத்து வீடியோவையே எடுக்க வைக்கும் காப்புரிமை ஸ்ட்ரைக் வேறு. கோரிக்கை வந்தால் பெரும்பாலும் அந்த வீடியோவின் விளம்பரப் பணம் பாட்டு உரிமையாளருக்குப் போகும், அவ்வளவுதான். ஸ்ட்ரைக் மூன்று 90 நாளுக்குள் சேர்ந்தால்தான் சேனலே போகும். சேனலை நிர்வகிக்கும் யூடியூப் ஸ்டுடியோவிலேயே அந்தப் பாட்டு வரும் பகுதியை மட்டும் ஊமையாக்கலாம், வெட்டலாம், வேறு இசை வைக்கலாம். இதற்கெல்லாம் நேரம் போகும் என்பதால், எடுக்கும்போதே உங்கள் பேச்சைக் காலர் மைக்கில் தனியாகப் பதிந்துகொண்டு, மேளச் சத்தம் மட்டும் வரும் இடத்தில் ஒரு நிமிடம் தனியாக எடுத்து வைத்துக்கொண்டால், அப்புறம் கேமராச் சத்தத்தை முழுசாக நீக்கிவிட்டு இந்த இரண்டையும் கீழே போடலாம். நாட்டு மேளக்காரர்களிடம் நேராகக் கேட்டு வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்தால் இன்னும் நல்லது, அவர்களுக்கும் சேனலில் ஒரு அறிமுகம், கையில் ஏதாவது கொடுத்துவிடுங்கள்.

இன்னொருவர் வீடியோவை எடுத்து மேலே குரல் மட்டும் கொடுத்துப் போடுகிற வேலை, கம்ப்யூட்டரே எழுதி கம்ப்யூட்டரே பேசுகிற கதையை நாளுக்கு நாலு ஏற்றுகிற வேலை, இரண்டும் நிலைக்காது. மணி நேரமும் சந்தாதாரரும் சேர்ந்த பிறகு யூடியூபில் ஆள் வைத்துப் பார்ப்பார்கள், மறுபயன்பாடு என்று சொல்லித் திருப்பி அனுப்புவார்கள், அதுவரை பட்டபாடு வீண்.

பணம் கைக்கு வரும் வழி

யாரும் இதை விளக்கமாகச் சொல்வதில்லை என்பதால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். யூடியூப் பணம் வந்து சேரும் கூகுள் கணக்குக்கு ஆட்சென்ஸ் என்று பேர். அதில் 10 டாலர் சேர்ந்ததும் கூகுள் உங்கள் முகவரிக்கு ஒரு பின் எண்ணைச் சாதாரணத் தபாலில் அனுப்பும். வந்து சேர சில வாரம் ஆகும். வாடகை வீட்டில் இருப்பவர்கள், வீட்டு எண் பழசு புதுசு என்று இரண்டு இருக்கும் தெருவில் இருப்பவர்கள், முகவரியை எழுதும்போதே இரண்டு எண்ணையும் எழுதி, அப்பா பேரையும் போட்டு, பின்கோடு சரியாகப் பாருங்கள். தபால்காரரிடம் நேராகப் போய், "சார், என் பேருக்கு வெளிநாட்டுக் கவர் மாதிரி ஒன்று வரும்" என்று சொல்லி வைப்பது எந்தத் தொழில்நுட்பத்தையும்விட நன்றாக வேலை செய்கிறது. நான்கு மாதத்துக்குள் பின்னைப் போடாவிட்டால் விளம்பரம் நின்றுவிடும். தபால் வரவே இல்லையென்றால் மறுபடி கேட்கலாம், அப்படியும் வராவிட்டால் அடையாள அட்டை காட்டிச் சரிபார்க்க வழி இருக்கிறது.

ஆட்சென்ஸ் பேரும் வங்கிக் கணக்குப் பேரும் ஒன்றாக இருக்கட்டும். ஆதாரில் இனிஷியல் முன்னாடி, பாஸ்புக்கில் பின்னாடி, பான் கார்டில் அப்பா பேர் முழுசாக என்று நம் ஊரில் ஒரே ஆளுக்கு மூன்று பேர் இருக்கும், சேனல் வளர்வதற்கு முன்னாடியே அதைச் சரி செய்துகொள்ளுங்கள். பணம் வெளிநாட்டுப் பரிமாற்றமாக வருவதால் ஸ்விஃப்ட் குறியீடு வேண்டும். சின்னக் கிளைகளுக்குப் பெரும்பாலும் தனியாக இருக்காது, அந்த வங்கியின் எந்தப் பெரிய கிளையின் குறியீட்டைப் போட வேண்டும் என்று கிளை மேலாளரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் கிளம்பும், சேர்ந்த மாதத்துக்கு அடுத்த மாதம் 21ஆம் தேதியில் இருந்து 26க்குள். ஜனவரியில் 60 டாலர் என்றால் பிப்ரவரியிலும் வராது, அது அங்கேயே உட்கார்ந்திருக்கும். வாடகை 5ஆம் தேதி என்பது வீட்டுக்காரருக்குத்தான் தெரியும், கூகுளுக்குத் தெரியாது.

அமெரிக்க வரிப் படிவம் ஒன்று கேட்பார்கள், பயந்து விட்டுவிடாதீர்கள். அது கொடுக்காவிட்டால் உலகம் முழுக்க வந்த வருமானத்திலேயே 24 சதவீதம் வரை பிடிப்பார்கள். பான் எண்ணைப் போட்டு இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தைக் குறிப்பிட்டுக் கொடுத்துவிட்டால் அமெரிக்காவில் பார்த்தவர்களால் வந்த பகுதியில் மட்டும்தான் பிடித்தம், அதுவும் 15 சதவீதம். தமிழ் சேனலுக்கு அந்தப் பகுதி பெரும்பாலும் சின்னது. இங்கே வருமான வரிக் கணக்கில் இதைத் தொழில் வருமானமாகக் காட்ட வேண்டும். மைக், லைட், இன்டர்நெட், பெட்ரோல் செலவுச் சீட்டுகளை ஒரு கவரில் போட்டு வைத்தால் ஆடிட்டர் கழித்துத் தருவார். மொத்த வரவு ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தாண்டும் நிலை வந்தால் ஜி.எஸ்.டி. பற்றி அவரிடம் கேளுங்கள், அது நல்ல தலைவலி, அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

விளம்பரம் கேட்டு வருகிறவர்கள்

பத்தாயிரம் சந்தாதாரர் வந்ததும் முதலில் வருவது ஊர்க் கடைக்காரர் இல்லை, ஆன்லைன் சூதாட்டச் செயலிக்காரர். ஒரு வீடியோவுக்கு நீங்கள் மாதம் முழுக்கச் சம்பாதிப்பதைவிட அதிகம் தருகிறேன் என்பார். தொடாதீர்கள். தமிழ்நாட்டில் 2022ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, அதற்கு மேல் 2025இல் மத்திய அரசு கொண்டுவந்த சட்டத்தில் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டை விளம்பரம் செய்தாலே 2 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் வரை அபராதம். கம்பெனிக்காரர் எந்த நாட்டில் இருக்கிறாரோ தெரியாது, உங்கள் வீடு எங்கே என்று எல்லாருக்கும் தெரியும்.

இரண்டாவதாக வருவது மெயில். ஒரு பெரிய பிராண்ட் பேரைச் சொல்லி, ஒப்பந்தம் இணைப்பில் இருக்கிறது, பாஸ்வேர்டு போட்டுத் திறந்து பாருங்கள் என்று ஒரு ஜிப் கோப்பு வரும். திறந்தால் உங்கள் பிரவுசரில் இருக்கும் லாகினையே தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள், இரண்டு கட்டப் பாதுகாப்பு வைத்திருந்தாலும் தப்பாது, காலையில் எழுந்து பார்த்தால் உங்கள் சேனலில் யாரோ கிரிப்டோ நேரலை நடத்திக்கொண்டிருப்பார்கள். ஸ்பான்சர் மெயிலைப் போனில் மட்டும் பாருங்கள், கோப்பை இறக்காதீர்கள், "விவரத்தை மெயிலிலேயே எழுதுங்கள்" என்று பதில் போடுங்கள். நிஜமான ஆள் எழுதுவார். எடிட் பண்ணித் தருகிறவருக்குப் பாஸ்வேர்டு கொடுக்க வேண்டாம், ஸ்டுடியோ அமைப்பில் போய் எடிட்டர் என்ற அனுமதி மட்டும் கொடுத்தால் போதும். நான் எடிட்டர் என்பதால் சொல்கிறேன், பாஸ்வேர்டே வேண்டும் என்று அடம்பிடிக்கும் எடிட்டரை நம்பாதீர்கள்.

மூன்றாவதாகத்தான் நேரு வீதி ஜவுளிக்கடை, மஞ்சக்குப்பம் பிரியாணிக் கடை, திருப்பாதிரிப்புலியூர் நகைக்கடை எல்லாம் வரும். உங்கள் பிழைப்பு உண்மையில் இங்கேதான் இருக்கிறது. இங்கே செய்யும் பெரிய கெட்ட பழக்கம் ஓசிச் சாப்பாட்டுக்கு வீடியோ போடுவது. ஒரு தடவை ஓசியில் போட்டால் அந்தத் தெருவில் அதுதான் உங்கள் விலை. ரேட்டை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ரீல், கடைக்காரரே பயன்படுத்திக்கொள்ளப் பத்துப் படம், கூகுள் மேப்பில் அவர் கடைப் பக்கத்தைச் சரிசெய்து தருவது, மூன்றையும் சேர்த்து ஒரு தொகையாகச் சொன்னால் கடைக்காரருக்கும் ஏதோ கையில் கிடைத்த மாதிரி இருக்கும். பாதி முன்பணம் வாங்குங்கள், "வீடியோ போன பிறகு பார்க்கலாம் தம்பி" என்றால் சிரித்துக்கொண்டே கிளம்பிவிடுங்கள்.

காசு வாங்கினால் காசு வாங்கினேன் என்று சொல்லுங்கள். யூடியூபில் வீடியோ ஏற்றும்போதே கட்டண விளம்பரம் என்று டிக் செய்யும் இடம் இருக்கிறது. சட்டமும் அப்படித்தான் சொல்கிறது, தவறாக வழிநடத்தும் விளம்பரத்தில் முகம் காட்டியவருக்கும் 10 லட்சம் வரை அபராதம் போட நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. பொருளாகக் கொடுத்தாலும் கணக்குதான், ஒரே நிறுவனம் ஒரு வருஷத்தில் 20,000 ரூபாய்க்கு மேல் பொருள் கொடுத்தால் 10 சதவீத வரிப்பிடித்தம் வரும். நகைக்கடைக்காரர் விஷயத்தில் கூடுதல் கவனம் வையுங்கள். சீட்டுத் திட்டம், சேமிப்புத் திட்டம் என்று பேசச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அது மூழ்கினால் பணம் போட்டவர்கள் முதலாளி வீட்டுக்குப் போக மாட்டார்கள், முகம் தெரிந்த உங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வருவார்கள்.

நீங்களே பொருள் விற்பதாக இருந்தால், கருவாடோ ஊறுகாயோ முந்திரியோ, எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்கிற உணவுப் பாதுகாப்புப் பதிவு எடுத்து 14 இலக்க எண்ணைப் பாக்கெட்டில் அச்சடியுங்கள். சிறு வியாபாரிக்குப் பதிவு சுலபம்தான். கருவாட்டை இரண்டு உறையில் காற்றுப் புகாமல் கட்டாவிட்டால் கூரியர்காரர் அடுத்த முறை வாங்கவே மாட்டார்.

கூட்டு, வீடு, கமென்ட்

நண்பர்கள் சேர்ந்து ஆரம்பிக்கும் சேனல்கள் பார்வை வராததால் உடைவதில்லை, பணம் வந்ததால் உடைகின்றன. ஜிமெயில் யாருடையது, ஆட்சென்ஸ் யார் பேரில், கேமரா வாங்கிய காசு யாருடையது, ஒருவர் துபாய் போய்விட்டால் அவர் பங்கு என்ன, இதை முதல் மாதமே ஒரு முத்திரைத்தாளில் எழுதி ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். "மச்சான், நமக்குள்ள எதுக்குடா இதெல்லாம்" என்று சொல்கிறவனைத்தான் முதலில் கையெழுத்துப் போட வைக்க வேண்டும்.

வீட்டில் "வேலைக்குப் போகாம போனையே பார்த்துக்கிட்டு இருக்கான்" என்பார்கள். பதில் பேச வேண்டாம். அவர்கள் சொல்வது அந்த நிலையில் உண்மையும்கூட. வேலையை விட்டுவிட்டு சேனல் ஆரம்பிப்பதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். சிப்காட்டில் ஷிப்ட் வேலையோ துணிக்கடை வேலையோ எதுவானாலும் வைத்துக்கொண்டே ஆரம்பியுங்கள். விளம்பரப் பணத்தைக் கணக்கில் சேர்க்காமல், மற்ற வழியில் வரும் பணம் மட்டும் அந்தத் தாளில் எழுதிய தொகையைத் தொடர்ந்து ஆறு மாதம் தொட்டால் அப்போது விடலாமா என்று யோசிக்கலாம். அந்த ஆறு மாதத்தில் ஆடி மாதமோ மார்கழி மாதமோ ஒன்றாவது இருக்கட்டும், ஏனென்றால் கல்யாணம் எடுப்பவருக்கு அந்த மாதங்களில் வேலையே இருக்காது.

பெண்கள் சேனல் ஆரம்பித்தால் கமென்ட் தனிக் கொடுமை. தமிழ் கெட்ட வார்த்தைகளை ஆங்கில எழுத்தில் எழுதினால் யூடியூபின் தானியங்கி வடிகட்டிக்குப் பாதி பிடிபடுவதில்லை. ஸ்டுடியோவில் தடைசெய்த சொற்கள் என்று ஒரு பெட்டி இருக்கிறது. ஒவ்வொரு சொல்லையும் தமிழில் ஒருமுறை, ஆங்கில எழுத்தில் எப்படியெல்லாம் எழுதுவார்களோ அப்படியெல்லாம் சில முறை போட்டு வையுங்கள். அந்த வேலையைத் தங்கச்சியையோ தோழியையோ செய்யச் சொல்லுங்கள், நீங்களே உட்கார்ந்து அத்தனையையும் எழுத வேண்டாம். வீட்டு முகப்பு, தெருப் பலகை, வண்டி நம்பர், பிள்ளைகளின் பள்ளிச் சீருடை, இவை எதுவும் படத்தில் வரக் கூடாது. ஆர்டர் எடுக்கும் நம்பர் தனி சிம்மாக இருக்கட்டும். மிரட்டல் வந்தால் அழிக்காமல் படம் பிடித்து வைத்துக்கொண்டு தேசிய சைபர் கிரைம் இணையதளத்தில் புகார் கொடுங்கள், பணம் ஏமாந்தால் 1930க்கு உடனே போன் பண்ணுங்கள்.

மழைக்காலம்

ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கம் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. 2011 தானே புயல், 2015 வெள்ளம், 2024 ஃபெஞ்சல் புயல், அதற்கு அடுத்த நாட்களில் தென்பெண்ணை ஏறி வந்தது, எல்லாம் பார்த்தாயிற்று. புயல் வந்தால் கடலூர் என்ற பேருக்கே பார்வை குவியும், சந்தாதாரரும் ஏறுவார்கள், ஆனால் அவர்கள் உங்கள் கருவாட்டுக்கோ சமையலுக்கோ வந்தவர்கள் இல்லை, தண்ணீர் வடிந்ததும் போய்விடுவார்கள். பழைய வெள்ளப் படத்தைப் போட்டு "இப்போது" என்று தலைப்பு வைக்கிறவர்கள் உண்டு. அந்த மாதிரித் தலைப்பைப் பார்த்து ஒரு குடும்பம் ராத்திரியில் குழந்தையோடு கிளம்பி ஓடும் ஊர் இது. வேண்டாம். எந்தச் சாலை மூடியிருக்கிறது, எந்த முகாமில் சாப்பாடு போடுகிறார்கள் என்று நேரில் பார்த்ததை மட்டும் நேரம் சொல்லிப் போடுங்கள், ஊர்க்காரர்கள் அதை மறக்க மாட்டார்கள்.

அக்டோபர் முடிவதற்குள் ஆறேழு வீடியோ எடிட் முடித்து, ஏற்றி, தேதி போட்டு வைத்துவிடுங்கள். கரண்ட் இரண்டு நாள் இல்லாவிட்டாலும் அவை தானாக வெளியாகும். ஹார்ட் டிஸ்க்கை டேபிள் கீழே வைக்காமல் பரண் மேல் ஏற்றுங்கள். இன்னொரு பிரதி வேறு தெருவில், முடிந்தால் வேறு ஊரில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டில் இருக்கட்டும். கூரியர் நிற்கும் வாரங்களில் ஆர்டர் எடுக்காதீர்கள். எடுத்தால் தேதி தள்ளும் என்று பணம் வாங்குவதற்கு முன்னாடியே சொல்லிவிடுங்கள்.